இசைக் காதும் பேச்சுக் காதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்டு வகுப்பில் சேர்த்தால் பிள்ளைக்குப் பேச்சு தெளியும், படிப்பு ஏறும், ஆங்கிலம்கூட சரளமாக வரும் என்று விளம்பரப் பலகைகள் சொல்கின்றன. இன்னொரு பக்கம், "எனக்குச் சுருதியே பிடிபடாது, அதனால்தான் எந்த மொழியும் வரவில்லை" என்று சலித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சிறுவயதில் சில வருடம் வாய்ப்பாட்டு கற்றுப் பாதியில் விட்டவன் நான். கேட்டல் பற்றிய ஆய்வுகளைப் படிப்பது பிற்பாடு தொற்றிக்கொண்ட பழக்கம். பதில்களில் என் சாய்வும் கொஞ்சம் தெரியும்.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: இசை தெரிந்தவர்களுக்குப் பேச்சு மற்றவர்களைவிட நன்றாகக் கேட்குமா?

பேச்சில் குரல் ஏறி இறங்குவதைப் பிடிப்பதில் பெரும்பாலும் ஆம். சீன மொழி போன்றவற்றின் தொனிகளிலும் அயல்மொழி உச்சரிப்பிலும் இது தெரிகிறது. சொல்வளம், இலக்கணம், இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்துக் கேட்பது என்று தள்ளிப் போகப் போக ஆதாரம் மெலிகிறது. இசை கற்றதால்தான் அப்படி ஆனார்களா என்பது வேறு கேள்வி. அது கீழே தனியாக வருகிறது.

பேச்சு வேறு, பாட்டு வேறு. பேச்சில் இசை எங்கே இருக்கிறது?

ஒரு சின்ன சோதனை. வசதியான ஒரு சுருதியில் நின்று "ஆ" என்று பாடுங்கள். சுருதியை மாற்றாமல் "ஈ" என்றும் "ஊ" என்றும் மாற்றிப் பாடுங்கள். சுரம் ஒன்றுதான், எழுத்து மட்டும் மாறிவிட்டது. தொண்டையில் குரல்நாண்கள் அதிரும் வேகம் மாறவில்லை. வாயின் வடிவம் மாறியதால் அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேலோசைகளில் எவை ஓங்கும், எவை அடங்கும் என்பது மாறியது. வீணையும் வயலினும் ஒரே ச-வை வாசித்தாலும் எது எது என்று நமக்குத் தெரிகிறதே, அதற்கும் இதுவேதான் காரணம். உயிரெழுத்துகளைப் பிரித்தறிவது ஏறக்குறைய வாத்தியத்தை அடையாளம் காணும் வேலை.

இப்போது எழுத்தை நிறுத்திச் சுருதியை மாற்றுங்கள். "சாப்பிட்டாச்சு" என்று இறக்கிச் சொன்னால் பதில், ஏற்றிச் சொன்னால் கேள்வி. "ரொம்ப நல்லவர்" என்பதைப் பாராட்டாகவும் சொல்லலாம், குத்தலாகவும் சொல்லலாம். வித்தியாசம் முழுக்க ராகத்தில்தான். பேசும்போது ஆண்களின் குரல் சராசரியாக நொடிக்கு 120 தடவை அதிர்கிறது, பெண்களின் குரல் 200-ஐ ஒட்டி. பேச்சு முழுவதும் அந்த எண் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருக்கும். பாட்டைப் போலப் படிப்படியாக நிற்காது, வழுக்கிக்கொண்டே போகும். சுரங்களுக்கு இடையே வழுக்கிப் பாடும் கமகம் தெரிந்த காதுக்கு இது புதிதில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் பேசுகிறார்கள் என்று வையுங்கள். ஒரு சொல்லும் புரியாது. ஆனாலும் சண்டையா, கொஞ்சலா, பேசுபவர் கோயம்புத்தூர்க்காரரா யாழ்ப்பாணத்தவரா என்றுகூடச் சொல்லிவிடலாம். சுவர் உயர்ந்த அதிர்வெண்களைத் தடுத்து மெய்யெழுத்துகளை விழுங்கிவிடுகிறது. மிஞ்சுவது சுருதியும் தாளமும்.

இந்த ராகம் எப்போதிலிருந்து காதில் விழுகிறது?

பிறப்பதற்கு முன்பே. தாயின் வயிறும் அந்தச் சுவரைப் போலத்தான்: மெய்யெழுத்துகள் மங்கிவிடும், ஏற்ற இறக்கமும் தாளமும் உள்ளே போகும். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்து சில நாளே ஆன பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகையையும் ஜெர்மன் குழந்தைகளின் அழுகையையும் பதிவு செய்து பார்த்தார்கள். பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை கீழிருந்து மேலே ஏறும் போக்கில் அதிகம் இருந்தது, ஜெர்மன் குழந்தைகளுடையது மேலிருந்து இறங்கும் போக்கில். அந்தந்த மொழியில் வாக்கியங்கள் போகும் போக்கும் அதுதான். முதல் சொல்லுக்கு ஒரு வருடம் முன்னாலேயே பிள்ளை மொழியின் மெட்டைப் பிடித்துவிடுகிறது. பச்சைக்குழந்தையிடம் எல்லாரும் குரலை உயர்த்தி, இழுத்து, ராகம் போட்டுப் பேசுவதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. குழந்தை அதைத்தான் திரும்பிப் பார்க்கிறது.

சீன மொழியில் சுருதி மாறினால் அர்த்தமே மாறுமாமே?

மாறும். மாண்டரின் சீனத்தில் நான்கு தொனிகள். "மா" என்ற அசையை உயரத்திலேயே சமமாக நிறுத்தினால் அம்மா. கீழிருந்து ஏற்றினால் சணல். தாழ்த்தி வளைத்தால் குதிரை. மேலிருந்து சட்டென்று இறக்கினால் திட்டுதல். கான்டனீசில் ஆறு தொனிகள், தாய்லாந்து மொழியில் ஐந்து. அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை, பஞ்சாபி ஒரு தொனி மொழி. "கோடா" என்ற ஒரே ஒலிக்கோவை அங்கே தொனியைப் பொறுத்துக் குதிரை, சாட்டை, தொழுநோயாளி என்று மூன்று பொருள் தரும்.

இசையும் பேச்சும் நேருக்கு நேர் மோதும் இடம் இது என்பதால் ஆய்வாளர்களுக்கு இதில் தீராத ஆசை. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நீனா கிரௌஸ் குழுவினர் 2007-இல் ஒன்று செய்தார்கள். சீனமே தெரியாத ஆங்கிலப் பேச்சாளர்களை எடுத்துக்கொண்டார்கள், சிலர் இசை கற்றவர்கள், சிலர் கல்லாதவர்கள். அவர்களுக்குச் சீனத் தொனிகளில் ஓர் அசையைக் கேட்க வைத்து, மூளைத்தண்டில் எழும் மின் அதிர்வைத் தலைமேல் ஒட்டிய மின்முனைகளால் பதிந்தார்கள். ஒலியின் சுருதி எப்படி ஏறி இறங்குகிறதோ அதையே அந்த மின் அதிர்வும் நகலெடுக்கும். இசை கற்றவர்களிடம் நகல் இன்னும் துல்லியமாக இருந்தது. சீனம் என்றால் என்னவென்றே தெரியாதவர்களின் மூளை, அதுவும் சிந்தனை நடக்கும் மேற்பகுதிக்குப் போகும் முன்பே, சீனத் தொனியை நன்றாகப் பிடித்தது. இந்த முடிவு உலகம் சுற்றியது. அதற்கு அப்புறம் என்ன ஆனது என்பதைக் கீழே இரைச்சல் பற்றிய கேள்வியில் பாருங்கள்.

அப்படியானால் சீனர்களுக்கு இயல்பிலேயே இசைக் காது கூடுதலா?

பாதி சரி. 2023-இல் வந்த மாபெரும் இணையவழி ஆய்வில் 54 மொழிகளைச் சேர்ந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் பங்கேற்றார்கள். தொனி மொழி பேசுபவர்கள் மெட்டுகளுக்கு இடையிலான சிறு வித்தியாசங்களை மற்றவர்களைவிட நன்றாகக் கண்டுபிடித்தார்கள். ஆனால் தாளத்தோடு ஒலி பொருந்துகிறதா என்ற சோதனையில் கொஞ்சம் பின்தங்கினார்கள். காது எதற்கு அதிகம் பழகுகிறதோ அதில் கூர்மை ஏறுகிறது, இன்னொன்றில் அந்த அளவுக்கு இல்லை.

துணைச் சுருதி இல்லாமலேயே ஒரு சுரத்தைக் கேட்டவுடன் அது எது என்று பெயர் சொல்லும் திறன் இருக்கிறதே, அது மேற்கத்திய நாடுகளில் 10,000 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை என்பார்கள். இசை உளவியல் ஆய்வாளர் டயானா டாய்ச் 2006-இல் பெய்ஜிங் மத்திய இசைக் கல்லூரி மாணவர்களையும் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் இசைப் பள்ளி மாணவர்களையும் ஒப்பிட்டார். 4, 5 வயதில் இசை தொடங்கியவர்களில் சீன மாணவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு அந்தத் திறன் இருந்தது. தொனி மொழி பேசாத அமெரிக்க மாணவர்களில் 14 சதவீதம். இது பரம்பரை விஷயமாக இருக்கலாமே என்று உடனே கேட்கத் தோன்றும். பிற்பாடு அமெரிக்காவில் அவர் செய்த ஆய்வில், கிழக்காசிய வம்சாவளியினராக இருந்தும் தொனி மொழியைச் சரளமாகப் பேசாதவர்கள் மற்ற அமெரிக்கர்களைப் போலவே இருந்தார்கள். ஆக ரத்தத்தைவிட மொழிப் பழக்கத்துக்கே பங்கு அதிகம் போலத் தெரிகிறது.

தொனி மொழியில் எப்படிப் பாடுவார்கள்? மெட்டு அர்த்தத்தைக் கெடுக்காதா?

கான்டனீஸ் திரைப்பாடல்களில் மெட்டின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லின் தொனியோடு பொருத்தித்தான் எழுதுவார்கள். பாடலாசிரியருக்குப் பெரிய தலைவலி. மாண்டரின் பாடல்களில் அவ்வளவு கண்டிப்பு இல்லை, கேட்பவர் சூழலை வைத்துப் புரிந்துகொள்கிறார்.

தமிழ் தொனி மொழி இல்லையே. நமக்கு இதில் என்ன இருக்கிறது?

நமக்குச் சுருதிக்குப் பதில் காலம். கல், கால். வடை, வாடை. படு, பாடு, பட்டு, பாட்டு. எவ்வளவு நேரம் ஒலிக்கிறோம் என்பதில் சொல்லே மாறிவிடுகிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று தொல்காப்பியம் அளந்து வைத்திருக்கிறது. கண் இமைப்பதும் கை நொடிப்பதும்தான் அளவுகோல். தாளம் போடும் கையும் அதே கைதான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். எழுத்ததிகாரத்தின் முதல் இயலான நூன்மரபு முடியும்போது, பாட்டில் எழுத்துகள் தம் மாத்திரையைத் தாண்டி நீளும், அது இசை நூலாரின் விஷயம் என்று ஒரு சூத்திரம் வருகிறது. இலக்கணம் எழுதியவர் பேச்சின் காலக் கணக்கைச் சொல்லி முடித்த கையோடு, அந்தக் கணக்கை இசை மீறும் என்பதையும் குறித்து வைத்துவிட்டுத்தான் அடுத்த இயலுக்குப் போகிறார்.

மீறும்போது என்ன ஆகும் என்பதைச் சபாக்களில் கேட்கலாம். "கல்" என்பதன் உயிரை ஆலாபனையாக இழுத்தால் அது "கால்" ஆகிவிடும். சொல்லை நடுவில் உடைத்து மூச்சு வாங்கினால் வேறொரு சொல் பிறக்கும். பதம் பிரித்துப் பாடத் தெரியவில்லை என்று விமர்சகர்கள் கோபப்படுவது வெறும் தமிழ்ப் பற்றால் மட்டும் இல்லை, நம் காதுக்குச் சொல் உண்மையிலேயே தொலைந்துபோகிறது.

உச்சஸ்தாயியில் பாடும்போது வார்த்தை புரிவதில்லை. பாடகர் குற்றமா?

பெரும்பாலும் இல்லை, இயற்பியல் அப்படி. "ஈ", "ஊ" போன்ற உயிர்களை அடையாளம் காட்டும் முதல் ஒத்ததிர்வு (வாயின் வடிவம் ஓங்கிக் காட்டும் அதிர்வெண்) ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 300 அதிர்வில், இருக்கிறது. 5 கட்டைச் சுருதியில் பாடும் ஒரு பெண் மேல் பஞ்சமத்தைத் தொடும்போது குரலின் அடிப்படை அதிர்வே 590 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் போய்விடும். 300-இல் ஓங்கிக் காட்ட அங்கே ஒலியே இல்லை. எல்லா உயிர்களும் "ஆ" பக்கமாகச் சாய்ந்து கேட்கும். மேற்கத்திய ஆபரா பாடகிகளுக்கும் இதே கதைதான், அங்கே மேடைக்கு மேலே வசனத்தை எழுதிக் காட்டுகிறார்கள்.

மூளையில் இசைக்கும் பேச்சுக்கும் ஒரே இடமா, தனித்தனி இடமா?

இந்தச் சண்டை பழையது. தனித்தனி என்பவர்கள் முதலில் சொல்லும் பெயர் விசாரியன் ஷெபாலின். ரஷ்ய இசையமைப்பாளர். 1959-இல் பக்கவாதத்தால் பேச்சு கடுமையாகப் பாதிக்கப்பட்டது. மற்றவர் சொல்வதைப் புரிந்துகொள்வதும் சிரமமாகிவிட்டது. ஆனால் இசை எழுதுவது நிற்கவில்லை. 1962-இல் தன் ஐந்தாவது சிம்பொனியை முடித்து, மறுவருடம் இறந்தார். நரம்பு உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியாவும் உடன் பணியாற்றியவர்களும் 1965-இல் அவரைப் பற்றி மருத்துவக் கட்டுரையே எழுதினார்கள்.

மறுபக்கம், பிறவியிலேயே மெட்டு பிடிபடாமல் பேச்சு மட்டும் சரியாக இருப்பவர்கள் (அடுத்த கேள்வி அவர்களைப் பற்றியது). ஒன்று போய் இன்னொன்று நிற்க முடிகிறது என்றால் முழுக்க ஒரே இயந்திரம் இல்லை என்று அர்த்தம்.

ஆனால் முழுக்க இரண்டும் இல்லை. 2020-இல் மாண்ட்ரீலைச் சேர்ந்த ராபர்ட் சட்டோரும் கூட்டாளிகளும் 10 வாக்கியங்களை 10 மெட்டுகளில் பாட வைத்து 100 துண்டுப் பாடல்கள் செய்தார்கள். பிறகு ஒலியை இரண்டு விதமாகக் கெடுத்தார்கள். நேர நுணுக்கத்தை மழுங்கடித்தபோது சொற்கள் போயின, மெட்டு நின்றது. அதிர்வெண் நுணுக்கத்தை மழுங்கடித்தபோது மெட்டு போனது, சொற்கள் நின்றன. மூளையில் முதலாவது இடப்பக்கக் கேட்புப் பகுதியையும் இரண்டாவது வலப்பக்கத்தையும் சார்ந்திருந்தது. "இது பேச்சு, இது பாட்டு" என்று பெயர்ப்பலகை மாட்டிய அறைகளைக் காட்டிலும், வேகத்துக்கு ஒரு கூர்மை, சுருதிக்கு ஒரு கூர்மை என்று மூளை வேலையைப் பங்கிட்டிருக்கிறது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். பேச்சு முதலாவதன்மேல் அதிகம் சாய்கிறது, இசை இரண்டாவதன்மேல். தொனி மொழி, குத்தல் பேச்சு, பாட்டின் வரி எல்லாம் இரண்டையும் கேட்கின்றன.

காது கேளாதவர்களுக்குக் காதுக்குள் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் இதற்கு அன்றாட சாட்சி. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில்கூடப் பிள்ளைகளுக்கு இது பொருத்தப்படுகிறது. இயல்பான காதில் ஆயிரக்கணக்கான மயிரணுக்கள் செய்யும் வேலையை இதில் இருபது சொச்சம் மின்முனைகள் செய்கின்றன. அமைதியான அறையில் பேச்சு நன்றாகப் புரிந்துவிடுகிறது. பாட்டுதான் பலருக்கும் கரகரவென்று, மெட்டு தெரியாமல் கேட்கிறது. பேச்சுக்கு எவ்வளவு குறைந்த சுருதித் தகவல் போதும் என்பதை 1995-லேயே காட்டியிருந்தார்கள்: வெறும் நான்கு பட்டை இரைச்சலாகச் சுருக்கினாலும் கேட்பவர்கள் வாக்கியத்தைச் சொல்லிவிட்டார்கள்.

சுருதி சுத்தமாகப் பிடிபடாதவர்களுக்குப் பேச்சும் புரியாதா?

புரியும். பிறவிச் சுருதிக் குறைபாடு என்று ஒன்று உண்மையில் இருக்கிறது. இசபெல் பெரெட்ஸ் என்ற மாண்ட்ரீல் ஆய்வாளர் இதை ஆழமாக ஆராய்ந்தவர். மக்கள்தொகையில் 4 சதவீதம் என்று முன்பு சொன்னார்கள், 2017-இல் வந்த பெரிய கணக்கெடுப்பு 1.5 சதவீதம் என்கிறது. இவர்களுக்குப் பழகிய பாட்டில் அபஸ்வரம் விழுந்தால் தெரியாது. வரிகள் இல்லாமல் மெட்டை மட்டும் வாசித்தால் எந்தப் பாட்டு என்று சொல்லத் தெரியாது. ஆனால் ஃபோனில் "என்னப்பா?" என்று கேட்டால் கேள்வி என்று தெரிந்துவிடும். ச-வுக்கும் சுத்த ரிஷபத்துக்கும் உள்ள சின்ன இடைவெளிதான் இவர்களுக்கு நழுவுகிறது. பேச்சில் குரல் ஏறுவது அதைப் போலப் பல மடங்கு.

இன்னொரு தந்திரமும் கையில் இருக்கிறது. 2020-இல் வந்த ஆய்வின்படி, வாக்கியத்தில் எந்தச் சொல் அழுத்தப்படுகிறது என்று அறிய இவர்கள் சுருதியைக் குறைவாக நம்பி, சொல் எவ்வளவு நீள்கிறது என்பதை அதிகம் நம்புகிறார்கள். வாழ்நாள் முழுக்க இப்படியே ஓட்டியிருப்பார்கள், தமக்கே தெரியாது.

சீனம் பேசுபவர்களிலும் இந்தக் குறைபாடு உண்டு. அவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குத் தனியாக ஓர் அசையைச் சொன்னால் எந்தத் தொனி என்று பிரிக்க முடிவதில்லை. ஆனால் அவர்களே பேசும்போது தொனிகள் சரியாக வருகின்றன. அன்றாடப் பேச்சில் சூழல் கைகொடுத்துவிடுகிறது. நாக்குக்குத் தெரிந்தது காதுக்குத் தெரியவில்லை. படித்தபோது என்னால் நம்பவே முடியவில்லை.

கல்யாண மண்டபம், பேருந்து மாதிரி இரைச்சலில் இசைக்காரர்களுக்குப் பேச்சு நன்றாகக் கேட்கும் என்கிறார்களே?

இந்தத் துறையிலேயே அதிகம் விளம்பரமான கூற்று இது. 2009-இல் மேலே சொன்ன நார்த்வெஸ்டர்ன் ஆய்வகம் சுமார் 30 பேரைச் சோதித்து, இசைக்காரர்கள் இரைச்சலுக்கு நடுவே வாக்கியங்களை நன்றாகப் பிடிக்கிறார்கள் என்றது. இடைவெளி பெரிதில்லை. ஆனால் நம்பத் தோன்றும் கதை: பக்கவாத்தியங்களுக்கு நடுவே தன் சுருதியைத் தேடிப் பழகிய காது, கூட்டத்திலும் ஒரு குரலைத் தேடிக்கொள்ளும்.

அப்புறம் மற்றவர்கள் முயன்றார்கள். 2014-இல் ஓர் அமெரிக்கக் குழுவுக்கு அந்த வித்தியாசம் கிடைக்கவில்லை. 2015-இல் லண்டனில் 25 இசைக்காரர்களையும் 25 மற்றவர்களையும் சோதித்தவர்களுக்கும் கிடைக்கவில்லை. இசைப் பயிற்சியைவிடச் சொல் சாராத நுண்ணறிவுதான் அங்கே முடிவைத் தீர்மானித்தது. வேறு சில குழுக்களுக்குக் கிடைத்தது. இப்படிப் பத்து வருடம் இழுபறி.

2025-இல் ஆறு ஆய்வகங்கள் சேர்ந்து 260-க்கும் மேற்பட்டவர்களை ஒரே முறையில் சோதித்து முடிவை வெளியிட்டன. மூளைத்தண்டு ஒலியை நகலெடுக்கும் துல்லியத்துக்கும் இசைப் பயிற்சிக்கும் தொடர்பு தென்படவில்லை. இந்தத் துறையின் அஸ்திவாரக் கற்களில் ஒன்று ஆடிவிட்டது என்பதே என் எண்ணம். இருபது, முப்பது பேரை வைத்துக் கட்டிய கோபுரம் பெரிய எண்ணிக்கை வந்ததும் நிற்கவில்லை. பயிற்சி பெற்றவர்கள் சின்னச் சின்னச் சுருதி வித்தியாசங்களை நன்றாக உணர்கிறார்கள் என்பதில் இப்போதும் சந்தேகமில்லை. அது எங்கே நடக்கிறது, அதனால் பேச்சுக்கு எவ்வளவு லாபம் என்பதில்தான் கணக்கு குறைந்துவிட்டது.

வயதானவர்களுக்காவது பலன் உண்டா?

கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது. டொரண்டோவில் முதியவர்களைப் பத்து வாரம் கூட்டுப்பாடலில் சேர்த்த ஆய்வில் இரைச்சலில் கேட்கும் திறன் முன்னேறியது. ஒப்பிட்ட குழு எதுவும் செய்யாமல் இருந்த குழு என்பதை மறக்க வேண்டாம். காது மந்தமானால் முதலில் காது மருத்துவரைப் பாருங்கள், பஜனைக்குப் போவதை அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

பிள்ளையைப் பாட்டு வகுப்பில் சேர்த்தால் பேச்சும் வாசிப்பும் முன்னேறுமா?

நல்ல ஆய்வுகள் என்று நான் மதிப்பவை, பிள்ளைகளைத் தாங்களே இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இசையும் மறு பாதிக்கு ஓவியமும் கற்பித்தவை. 2009-இல் போர்ச்சுகலில் 8 வயதுப் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் இப்படிச் செய்தார்கள். இசைக் குழு பேச்சில் சிறு சுருதி மாற்றத்தைக் கண்டுபிடிப்பதிலும், எழுத்துக்கும் ஒலிக்கும் பொருந்தாத சொற்களை வாசிப்பதிலும் முன்னேறியது. 2013-இல் பிரான்சில் இரண்டு வருடம் நடந்த ஆய்வில், இடைவெளியே இல்லாமல் ஓடும் ஒரு செயற்கை மொழியில் சொற்களின் எல்லையைக் கண்டுபிடிப்பதில் இசைக் குழு முந்தியது. 9 மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகள் மூன்றெண்ணிக்கைத் தாள இசையோடு விளையாட வைத்த 2016 ஆய்வில், இசையில் மட்டுமல்லாமல் பேச்சிலும் தாளம் பிசகும்போது மூளை கூர்மையாகப் பதிலளித்தது.

இவை எல்லாம் காதுக்குப் பக்கத்திலேயே இருக்கும் திறன்கள். "கணக்கு வரும், மதிப்பெண் ஏறும்" என்று தள்ளிப் போனால் கதை வேறு. 2020-இல் 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒப்பீட்டுக் குழுவுக்கும் வேறு ஏதாவது கற்பித்த ஆய்வுகளில் பலன் ஏறக்குறைய பூஜ்ஜியம்.

மொஸார்ட் கேட்டால் மூளை வளருமா?

வளராது. 1993-இல் 36 கல்லூரி மாணவர்கள், பத்து நிமிட இசை, காகித மடிப்பு போன்ற ஒரு சோதனையில் கால் மணி நேரத்துக்குக் குறைவாக நீடித்த சிறு முன்னேற்றம். அவ்வளவுதான். குழந்தைகள் அதில் இல்லவே இல்லை. ஆனாலும் 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசை சிடி தர 1,05,000 டாலர் கேட்டார்.

பயிற்சியா, பிறவியா?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பாட்டு வகுப்பில் யார் நிலைக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். என்னோடு சேர்ந்த பிள்ளைகளில் தொடக்கப் பாடமான சரளி வரிசையிலேயே சுருதி சேர்ந்தவர்கள் வர்ணம், கீர்த்தனை என்று போனார்கள், சேராதவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். நான் நடுவில். பத்து வருடம் கழித்து ஓர் ஆய்வாளர் வந்து "இசை கற்றவர்கள்", "கல்லாதவர்கள்" என்று எங்களைப் பிரித்து அளந்தால் என்ன கிடைக்கும்? முதலிலேயே இருந்த வித்தியாசம்தான் கிடைக்கும். அது பயிற்சியின் கணக்கில் எழுதப்படும்.

இதைச் சோதிக்க 2018-இல் ஒரு நல்ல வழி செய்தார்கள். முறையாக இசை கற்காத, ஆனால் இசைத் திறன் சோதனையில் அதிக மதிப்பெண் எடுப்பவர்களைத் தேடிப் பிடித்தார்கள். உறங்கும் இசைக்காரர்கள் என்று அவர்களுக்குச் செல்லப் பெயர். பேச்சொலிக்கு அவர்களுடைய மூளை தந்த பதில், பயிற்சி பெற்றவர்கள் அளவுக்கு இல்லாவிட்டாலும், இசை கற்காத மற்றவர்களுடையதைவிடத் துல்லியமாக இருந்தது. வருடக்கணக்கில் சாதகம் செய்யாதவர்கள்! 2014-இல் வந்த ஸ்வீடன் இரட்டையர் ஆய்வும் இதே திசையில்தான் கை காட்டுகிறது. ஒரே மரபணு கொண்ட இரட்டையரில் ஒருவர் மற்றவரைவிட ஆயிரக்கணக்கான மணி நேரம் அதிகம் பயின்றிருந்தும், சுரத்தையும் தாளத்தையும் பிரித்தறியும் திறனில் இருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பாடக் கற்பதும் வாசிக்கக் கற்பதும் பயிற்சியால்தான் வரும், அதில் மறுபேச்சே இல்லை. காதின் அடிப்படைக் கூர்மை என்பது பயிற்சிக்கு முன்பே பெருமளவு தீர்மானமாகிவிடுகிறது என்பதுதான் இங்கே செய்தி.

புது மொழி கற்கிறேன். இசை உதவுமா?

உச்சரிப்புக்கு உதவும், மற்றவற்றுக்கு இல்லை. அமெரிக்காவில் குடியேறி ஆங்கிலம் கற்ற ஜப்பானியர்களை 2006-இல் சோதித்தார்கள். இசைத் திறன் கூடியவர்கள் ஆங்கில ஒலிகளைக் கேட்பதிலும் சொல்வதிலும் முன்னால் இருந்தார்கள். எந்த வயதில் வந்தார்கள், எத்தனை வருடம் இருந்தார்கள் என்பதையெல்லாம் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. இலக்கணத்திலும் சொல்வளத்திலும் ஒன்றும் இல்லை.

தமிழ் கற்கும் வெளிமாநிலத்தவர் ழகரத்துக்குத் திணறுகிறார்கள் என்றால் அது சுருதிப் பிரச்சினை அல்ல. ல, ள, ழ மூன்றும் ஒலியின் நிறத்தில்தான் வேறுபடுகின்றன. தம்புராவில் தந்திக்கு அடியே செருகும் ஜீவா நூலை நகர்த்தும்போது நாதம் மாறுவதைக் கவனிக்கும் காது அங்கே உதவக்கூடும், சுரம் பிடிக்கும் காது அல்ல. இது என் ஊகம்தான்.

பக்கவாதத்தில் பேச்சு போனவர் பாட்டு மட்டும் பாடுகிறார். எப்படி?

1745-லேயே ஸ்வீடனில் இப்படி ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பேச முடியாது, தேவாலயப் பாடல்களை வரியோடு பாடுவார். பேச்சை ஆக்கும் இடப்பக்கப் பகுதி அடிபட்டும், பழகிய பாட்டு வேறு வழியாக வந்துவிடுகிறது. 1973-இல் பாஸ்டனில் இதையே சிகிச்சையாக்கினார்கள். "தண்ணி வேணும்" போன்ற அன்றாடத் தொடரை இரண்டே சுரத்தில், ஒவ்வோர் அசைக்கும் இடது கையால் தட்டியபடி பாட வைப்பார்கள், பிறகு மெட்டை மெல்ல மெல்லக் கழற்றுவார்கள். வேலை செய்வது மெட்டா, தாளமா, அல்லது மனப்பாடமான தொடர் என்பதா என்று பின்னால் ஆராய்ந்தபோது, தாளத்துக்கும் பழக்கத்துக்கும் பெரிய பங்கு தெரிந்தது. நமக்கு இது எளிதில் விளங்கும்: தகதிமி, தகதகிட என்று வாயால் தாளம் சொல்வது பேச்சும் தாளமும் பிரியாத ஒன்றுதானே. வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால் அவர் பாடுவதைப் பார்த்து "நடிக்கிறார்" என்று நினைத்துவிடாதீர்கள். பேச்சுப் பயிற்சியாளரிடம் முதல் நாளே அதைச் சொல்லுங்கள், அவருக்கு அது உபயோகமான தகவல்.

ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் பாட்டாகிவிடும் என்பது உண்மையா?

உண்மை, வீட்டிலேயே செய்யலாம். 1995-இல் டயானா டாய்ச் தன் விளக்க உரையின் ஒலிப்பதிவைத் திருத்திக்கொண்டிருந்தபோது, ஒரு சின்னத் தொடர் கணினியில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அறையில் யாரோ பாடுவது போல அவருக்குக் கேட்டது. ஒலி ஒரு துளியும் மாறவில்லை. ஃபோனில் யாராவது அனுப்பிய குரல் செய்தியில் மூன்று நான்கு சொல்லை வெட்டிப் பத்து தடவை ஓட விடுங்கள். அர்த்தத்தைத் தேடும் காது அலுத்துப்போய், சுருதியைக் கேட்கும் காது விழித்துக்கொள்ளும். அதற்கப்புறம் முழுச் செய்தியைக் கேட்டாலும் அந்த இடம் வந்ததும் பாட்டாகவே கேட்கும். என் அத்தை ஒருவரின் "எப்ப வரே, சொல்லு" எனக்கு இப்போது நிரந்தரமாகப் பாட்டுதான்.

எனக்குச் சுருதிக் குறைபாடு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சுருதி சேராமல் பாடுவதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். தொண்டை கீழ்ப்படியாதது வேறு, காது கேட்காதது வேறு. "எனக்குச் சுருதியே தெரியாது" என்று சொல்லும் பெரும்பாலானோர் முதல் வகை. நன்றாகத் தெரிந்த ஒரு பிறந்தநாள் பாட்டையோ திரைப்பாட்டையோ யாரையாவது வார்த்தையில்லாமல் வாசிக்கச் சொல்லி, நடுவில் ஒரு சுரத்தை வேண்டுமென்றே தப்பாகப் போடச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் உங்கள் காது சரியாக இருக்கிறது.